பாக்கியத்துக்கு முப்பது பாகை

ஹம், ஜெர்மனி, 16.10.2005

அன்புள்ள சிவகௌரிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். நான் ஜோன்சனுக்காகப் பேச வரவில்லை. நீங்கள் இருவரும் பிரிந்தது பற்றியும் இதில் ஒன்றுமில்லை. இது பாக்கியத்தைப் பற்றியது.

ஜோன்சன் வியாழக்கிழமை லண்டனுக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்று காலையில் ஒரு வாழைப்பழப் பெட்டியை என் வாசலில் வைத்து, “அப்பா, லாம்பு ஒண்டு போட்டுவிட்டால் காணும், அது தன்ர பாட்டில கிடக்கும்” என்றான். பெட்டிக்குள் உமது ஆமை. என்னைக் கண்டதும் ஓட்டின் முன்கதவையும் பின்கதவையும் இழுத்து மூடிக்கொண்டது. பெட்டி ஆமை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

என் பெரிய புத்தக அலுமாரியை நிலத்தில் படுக்க வைத்து, தட்டுகளைக் கழற்றி, மண் பரப்பி அதில் விட்டிருக்கிறேன். ஒரு முனையில் அறுபது வாட்ஸ் பல்பு. அடியில் என்னுடைய முதுகு நோவுக்கான மின்சாரத் தலையணை. இரண்டு வெப்பமானிகள் வைத்துக் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் குறித்து வருகிறேன். ஆனால் எந்த எண் சரியான எண் என்பது எனக்குத் தெரியாது. பிராணிகள் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் நான்கு வகை விளக்குகளைக் காட்டினாள். எதை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உமது விலாசத்தைத் தமிழ்க் கடையில் சுந்தரேஸ்வரி அக்காவிடம் வாங்கினேன். அவருடன் கோபிக்க வேண்டாம். கேள்விகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எழுத விருப்பமில்லை என்றால் பக்கத்தில் ஓம், இல்லை என்று மட்டும் போட்டு அனுப்பும். முத்திரை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. தொலைபேசியில் எனக்குப் பேச்சு வராது என்பது உமக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ச. மரியரட்ணம்


ஸ்டுட்கார்ட், 20.10.2005

மரியரட்ணம் மாஸ்டருக்கு,

ஊரில எல்லாரும் உங்களை அப்பிடித்தானே கூப்பிடுறவை. நானும் அப்பிடியே எழுதுறன்.

பாக்கியத்தை உங்கட வாசலில வைச்சிட்டுப் போன விசயம் உங்கட கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சொல் சொல்ல அவருக்கு நேரமில்லை. நான் இப்ப வயோதிபர் இல்லத்தில வேலை பழகிற அவுஸ்பில்டுங்கில இருக்கிறன். தங்கியிருக்கிற வோன்ஹைம் விடுதியில ஒரு மீன் கூட வளர்க்க விடமாட்டினம். இல்லாட்டி நாளைக்கே வந்து தூக்கியிருப்பன்.

முதல் வேலை, அந்தத் தலையணையை எடுங்கோ. சூடு மேலயிருந்துதான் வரவேணும். அது சூடு கூடினால் மண்ணைக் கிண்டிக் கீழ போற பிராணி. கீழயும் சூடெண்டால் எங்க போகும்? ஒரு முனையில விளக்குக்குக் கீழ முப்பது பாகை. மற்ற முனையில இருபத்தொண்டு. இரவில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுங்கோ, பதினெட்டு வரை இறங்கலாம். மண் ஈரமாயிருக்கவேணும், மேல காய்ஞ்ச இலை போடுங்கோ. அது காட்டு ஆமை. மன்னார் வெய்யில் அதுக்குச் சரிவராது.

இதைவிட முக்கியம் யூ.வி. குழாய் விளக்கு. சூடு வேற, இது வேற. இது இல்லாட்டி எலும்பும் ஓடும் பிடிக்காது. முதுகிலயிருந்து ஒரு முப்பது சென்ரிமீற்றர் உயரத்தில கட்டுங்கோ. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம். தானா எரிஞ்சு தானா நிக்கிற கடிகாரச் சுவிட்ச் ஒண்டு வாங்குங்கோ. போன தரம் நான் தூக்கிப் பார்க்கேக்க மெலிஞ்சுதான் இருந்தவள். இந்த முறை குளிர்கால நித்திரைக்கு விடவேண்டாம்.

உங்கட தாளில பதினாலு கேள்வி இருந்தது. எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கிறன். என்ர பக்கத்தில ஒரு கேள்விதான். என்ர கலியாணத்தண்டு உங்களுக்கு வந்த காய்ச்சல் இந்த நாலு வருசத்தில சுகமாகியிருக்கும் எண்டு நம்புறன்.

சிவகௌரி


ஹம், 2.11.2005

அன்புள்ள சிவகௌரிக்கு,

நீர் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். தலையணை அன்றைக்கே என் முதுகுக்குத் திரும்பிவிட்டது. யூ.வி. குழாய், சூட்டு விளக்கு, கடிகாரச் சுவிட்ச் மூன்றும் வாங்கினேன். கடைக்குப் போகும்போது உமது கடிதத்தையே கொண்டுபோய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாங்கினேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாததால் நான் வாசிப்பது செபம் என்று நினைத்திருக்கலாம்.

இப்போது வெப்பமுனை முப்பது பாகை, குளிர்முனை இருபத்தொன்று. தினமும் இரண்டு முறை அளக்கிறேன். ஒரு நாள் முப்பத்தொன்றரை வந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டி விளக்கை உயர்த்தினேன். குழாய் முப்பது சென்ரிமீற்றரில் இருக்கிறது, அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். அலுமாரி மரமானதாலும் இலைகள் காய்ந்தவையானதாலும் நெருப்புக்கு ஒரு பாதுகாப்பும் செய்திருக்கிறேன். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு விளக்கில் துணி பற்றி நாங்கள் எல்லோரும் பனியில் நின்ற இரவை உமது மாமி சாகும்வரை மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

நேற்று ஒரு ஸ்ட்ரோபெரிப் பழம் வைத்தேன். கழுத்தை நீட்டி முதலில் ஒரு கண்ணால் பார்த்தாள், பிறகு மற்றக் கண்ணால் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள். நானும் கடையில் அப்படித்தான் நின்றேன்.

காய்ச்சலைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன்.

இப்படிக்கு,
ச. மரியரட்ணம்


ஸ்டுட்கார்ட், 20.11.2005

மாஸ்டருக்கு,

இரவு வேலை, காலைப் படிப்பு. சுருக்கமா எழுதுறன்.

அடிமட்டம் வைச்சு அளந்ததுக்கு நன்றி. ஜோன்சன் ஒருநாளும் எதையும் அளந்ததில்லை. இஞ்ச இல்லத்தில எண்பத்தொன்பது வயது அம்மா ஒராளுக்குப் பாக்கியத்தைப் பற்றிச் சொன்னனான். இப்ப தினமும் மருந்து குடுக்கப் போனால், “உன்ர ஆமை சாப்பிட்டதோ?” எண்டு கேட்டுத்தான் வாயைத் திறக்கிறா. அதால ஒரு படம் அனுப்புங்கோ.

உங்கட அக்கா மக்டலீன் மாமி பாரிசிலயிருந்து போன் எடுத்து, வீட்டில ஆமை வைச்சபடியால்தான் எங்களுக்குப் பிள்ளையில்லை எண்டு சொன்னது இன்னும் காதுக்க கேக்குது. அதுக்காகத்தான் பாக்கியம் எண்டு பேரே வைச்சனான். நீங்கள் அப்பிடி ஒருநாளும் சொல்லேல்லை. அதையும் நான் மறக்கேல்லை. ஆனால் நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லையே.

சிவகௌரி


ஹம், 11.12.2005

அன்புள்ள சிவகௌரிக்கு,

பாக்கியம் நன்றாகச் சாப்பிடுகிறாள். வெப்பம் முப்பது, இருபத்தொன்று. கமராவில் பிலிம் முடிந்துவிட்டது. வாங்கியதும் படம் அனுப்புகிறேன். உமக்கும் இல்லத்து அம்மாவுக்கும் நத்தார் வாழ்த்துகள்.

ச. மரியரட்ணம்


ஹம், 8.1.2006

அன்புள்ள சிவகௌரிக்கு,

சென்ற கடிதத்தில் நான் எழுதியது பொய். பிலிம் இருந்தது. படம் எடுத்திருந்தால் நீர் பார்த்தவுடனே கண்டுபிடித்திருப்பீர்.

பாக்கியம் டிசம்பர் தொடக்கத்திலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். மூன்று நாட்களாக நடக்கவும் இல்லை. ஓட்டின் பின்விளிம்பை மெதுவாக அழுத்திப் பார்த்தேன், நகம் போல வளைகிறது. தினமும் எழுத நினைத்தேன். எழுதினால் “இந்தக் கிழவரால் இதுவும் ஏலாது” என்று நீர் வேறு ஆளைத் தேடுவீர் என்று பயந்தேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்று முப்பது நாட்கள் என்னை நானே ஏமாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்து டெர்மின் எடுத்திருக்கிறேன். தொலைபேசியில்தான் எடுத்தேன். அவர் கேட்டால் சொல்வதற்காக எல்லா விபரமும் இங்கே எழுதுகிறேன், நீரும் பாரும். சூட்டு விளக்கு நாற்பது சென்ரிமீற்றர் உயரம். குழாய் முப்பது. பன்னிரண்டு மணித்தியாலம். மண் ஈரம். விளக்குகள் அறுந்து இலையில் விழாமலிருக்க அலுமாரியின் மேல் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். அளவான கண்ணாடி கிடைக்கவில்லை. உமது மாமி பெரிதாகச் சட்டம் போட்டு வைத்திருந்த மடு மாதா படத்தின் கண்ணாடியைக் கழற்றிப் போட்டேன். கண்ணாடியின் கீழேதான் வெப்பம் அளக்கிறேன். எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பொய்யை ஒப்புக்கொள்கிற நாளாகவே இது இருக்கட்டும். உமது கலியாணத்தன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. இந்துக் கோயிலில் தாலி கட்டுகிற இடத்துக்குப் போனால் இனித் தன் வாசற்படி மிதிக்க வேண்டாம் என்று மக்டலீன் அக்கா சொல்லியிருந்தா. பங்குச் சனங்களும் என்ன சொல்வார்களோ என்றிருந்தது. ஆனாலும் கோட்டு உடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோயில் தரிப்பில் பட்டுச்சேலைகளோடு எல்லோரும் இறங்கினார்கள். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் எழும்பவில்லை. கடைசித் தரிப்புவரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன். வரும் வழியில் மேளச் சத்தம் கேட்டது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆமைக்கு என்ன செய்யவேண்டும் என்பதை மட்டுமாவது எழுதும்.

ச. மரியரட்ணம்


ஸ்டுட்கார்ட், 10.1.2006. அவசரத் தபால்

கண்ணாடியை எடுங்கோ. இதை வாசிச்சு முடிக்க முன்னம் போய் எடுங்கோ.

யூ.வி. கதிர் கண்ணாடிக்குள்ளால போகாது! வெளிச்சம் போகும், சூடு போகும், அது மட்டும் போகாது. ரெண்டு மாசமா அவள் வெறும் வெளிச்சத்துக்குக் கீழ கிடந்திருக்கிறாள். விளக்கு விழும் எண்டு பயமெண்டால் ரெண்டாவது சங்கிலி போட்டுக் கட்டுங்கோ, கம்பி வலை போடுங்கோ. கண்ணாடி வேண்டாம்.

மற்றதைப் பற்றி இப்ப எழுத ஏலாது. எழுதினால் கூடாத மாதிரி எழுதிப்போடுவன். ஞாயிற்றுக்கிழமை வாறன். ஒரு மணிக்குப் பிறகு வீட்டில நில்லுங்கோ. பஸ்ஸில போயிடாதேங்கோ.

சிவகௌரி


ஹம், 17.1.2006

அன்புள்ள சிவகௌரிக்கு,

நீர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் நின்றீர். சப்பாத்தோடு முழந்தாளில் இருந்து விளக்குகளைக் கட்டினீர். நான் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனது. நீர் என்னைப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பாக்கியத்தோடுதான் பேசினீர். “என்ர குஞ்சு, உனக்கு இப்பிடிச் செய்துபோட்டினமே” என்றீர். அந்தப் பன்மையில் நானும் இருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டேன்.

நான் மன்னாரில் இருபத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். ‘ஊதாக்கடந்த கதிர்களைச் சாதாரண கண்ணாடி தடுக்கும்’ என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறேன். நெருப்பை நினைத்துப் பயந்தபோது அந்த வசனம் என் ஞாபகத்துக்கு வரவில்லை. வெப்பமானியில் வருவதை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

வைத்தியர் கல்சியம் ஊசி போட்டார். கிழமைக்கு இரண்டு என்று ஆறு ஊசிகள். பிழைப்பாளா என்று கேட்டேன். “ஆமைகள் மெதுவாகத்தான் சாகும், மெதுவாகத்தான் சுகமாகும், எது நடக்கிறதென்று உடனே தெரியாது” என்றார். அதனால் இனி நடப்பதை நடந்தபடியே ஒவ்வொரு சனியும் ஒரு தபாலட்டையில் எழுதுவேன். சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்றே எழுதுவேன்.

ச. மரியரட்ணம்


ஸ்டுட்கார்ட், 28.2.2006

மாமா,

ஆறு தபாலட்டையும் வந்தது. ‘சாப்பிடவில்லை’ எண்டு எழுதியிருந்த மூண்டையும் வாசிச்சு அழுதனான். ஆனால் அதுகள் வந்தபடியால்தான் நாலாவதை நம்பினனான். ‘மண்புழு ஒன்று. முழுவதும்.’ இல்லத்து அம்மாவுக்கு அதை வாசிச்சுக் காட்ட, கை தட்டினவா. பின்னங்கால் ஊண்டி நடக்கிறாள் எண்டு நேற்று வந்த அட்டையை அவவே வாங்கித் தன்ர தலைமாட்டில வைச்சிருக்கிறா. திருப்பித் தரமாட்டாவாம்.

நானும் ஒண்டு ஒப்புக்கொள்ளவேணும். யூ.வி. குழாய் எரிஞ்சுகொண்டிருந்தாலும் ஒரு வருசத்தில அதின்ர சக்தி போயிடும். நான் விட்டிட்டு வந்த குழாயை ஜோன்சன் மாத்தவே இல்லை எண்டு நினைக்கிறன். மாத்தச் சொல்லி நானும் எழுதேல்லை. அவரோட கதைக்கிறேல்லை எண்ட ரோசம். அதுக்கு அவள் என்ன செய்தவள்? உங்களிட்ட வரேக்கயே பாதிப் பழுது. குற்றம் முழுக்க உங்கட கண்ணாடியில இல்லை.

பஸ் கதையைக் கனநாள் யோசிச்சன். காய்ச்சல் எண்ட பொய்யை விட அந்த உண்மைதான் கூட நோகுது. தரிப்பு வரைக்கும் வந்திருக்கிறியள். ஆனாலும் சொன்னது நல்லது.

மார்ச் ஒன்பதாந்திகதி கோர்ட்டில டெர்மின். அண்டோட விவாகரத்து முடிஞ்சுது. ஜூனில வோன்ஹைமை விட்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறுறன். அங்க ஆமை வைச்சிருக்கலாம். அதுவரைக்கும் பாக்கியத்தை வைச்சிருப்பியளோ? பாதுகாக்கப்பட்ட இனமெண்டபடியால் அவளின்ர இருப்பிடம் மாறினதை உங்கட நகர அலுவலகத்துக்கு அறிவிக்கவேணும். எப்பவோ செய்திருக்கவேண்டியது. அதுக்குரிய அன்ராக் படிவம் உள்ள வைச்சிருக்கிறன். என்ர பகுதி நிரப்பிக் கையெழுத்து வைச்சாச்சு. மிச்சத்தை நீங்கள் நிரப்பிக் குடுங்கோ. ஆறுதலாக் குடுத்தால் காணும்.

சிவகௌரி


ஹம், 30.4.2006

அன்புள்ள சிவகௌரிக்கு,

தபாலட்டையில் அடங்காத விடயங்கள் இருப்பதால் கடிதம்.

உயிர்த்த ஞாயிறுக்கு மக்டலீன் அக்கா பாரிசிலிருந்து வந்தா. விவாகரத்து முடிந்தது தெரிந்து, ஜோன்சனுக்குப் பேசவென்று ஒரு பெண்பிள்ளையின் படமும் கொண்டுவந்தா. வந்து கோட்டைக் கழற்ற முன்னமே அலுமாரியின் வெளிச்சத்தைக் கண்டுவிட்டா.

“தம்பி, இதென்ன சவப்பெட்டிக்க லைற் எரியுது?”

“ஆமை, அக்கா.”

“ஆமையோ? மாதாவே! வீட்டுக்குள்ளயோ?”

“வீட்டுக்குள்ள இல்லை, பெட்டிக்குள்ளதான்” என்றேன். பயத்தில் வந்த பதில். அக்கா அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டா.

“பகிடி விடுறியோ எனக்கு? ஆற்ற ஆமை இது?”

“மருமகளின்ர.”

“எந்த மருமகள்? உனக்கு இப்ப மருமகளெண்டு ஒருத்தியும் இல்லை. ஒண்டில் இந்தச் சனியன் வெளிய போகவேணும், இல்லாட்டி நான் போவன்.”

நான் குசினிக்குள் போனேன். என்னைவிட நான்கு வயது மூத்தவ. எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சகோதரம். அம்மா செத்தபிறகு எனக்குச் சோறு போட்டவ. அவ சொன்ன ஒன்றை நான் இதுவரை தட்டியதில்லை. ரயில் புத்தகத்தை எடுத்து, கொலோன் வழியாகப் பாரிசுக்குப் போகும் ரயில்களின் நேரத்தை ஒரு தாளில் எழுதினேன். எந்த மேடை என்பதையும் எழுதினேன். அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

அக்கா வாசித்தா. “எனக்கு நேரசூசியோ எழுதித் தாறாய், ரட்ணம்?” என்றா. பிறகு அழுதா. நானும் அழுதேன். ஆனால் தாளைத் திருப்பி வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலேற்றிவிட்டேன். யன்னல் இருக்கை பதிவு செய்திருந்தேன். அவ திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் மாலையில் பாரிசுக்குத் தொலைபேசி எண்களை அமுக்குகிறேன், மணி இரண்டு தரம் அடித்ததும் வைத்துவிடுகிறேன். செய்தது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நீர் பாராட்டுவீர் என்று இதை எழுதவில்லை. பாராட்டவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

மற்றது, உமது அன்ராக். அதில் ஆமை ஏன் உரிமையாளர் அல்லாத ஒருவரிடம் இருக்கிறது, அவர் உரிமையாளருக்கு என்ன முறை என்று ஒரு கட்டம் இருந்தது. மார்ச் முழுவதும் அதை வெறுமையாக வைத்திருந்தேன். அறிமுகமானவர் என்று எழுதலாமா, பராமரிப்பவர் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அக்கா போன அன்று மாலை மாமனார் என்று எழுதினேன். எழுதிய பிறகு, மகன் விவாகரத்து செய்தபின் அப்படி எழுதுவது பொய்யாகுமோ என்று பயம் வந்தது. இந்த வருடம் நான் சொன்ன பொய்கள் போதும். ஆகவே கையில் பேனாவும் அடிமட்டமும் கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. “என் மகனும் இவரும் பிரிந்துவிட்டார்கள். இந்தச் சொல்லை வெட்ட வேண்டுமா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “உங்கள் மகன்தான் விலகினார். நீங்கள் விலக முடியாது. எங்கள் சட்டத்தில் மாமனார் மாமனார்தான்” என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றே நூலகத்துக்குப் போய்க் குடியியல் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறாவது பிரிவு, இரண்டாம் பந்தி. கலியாணத்தால் உண்டான உறவு அந்தக் கலியாணம் முடிந்த பிறகும் தொடரும் என்று இருக்கிறது. மூன்று தரம் வாசித்தேன். கையால் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகவே சொல்லை வெட்டாமல் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இதை நீர் அறிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இதிலிருந்து நீர் விடுபடுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று முன்பக்கமும் பின்பக்கமும் தேடினேன். நான் வாசித்த மட்டில் இல்லை. உமக்கு இது தொல்லையென்றால் பொறுத்துக்கொள்ளும். எனக்குத் தொல்லையில்லை.

இப்படிக்கு,
உமது மாமா
ச. மரியரட்ணம்